'என் மூக்கில் புகைகிறீர்கள்': துருக்கி மொழி அன்புச் செய்திகளை ஆங்கிலமாக்குவது எப்படி?

துருக்கியின் இஸ்மிரில் இருக்கும் ஒரு மாமியார், இங்கிலாந்தின் லீட்ஸில் இருக்கும் ஆங்கிலேய மருமகனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். அவன் அதை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்க்கிறான். வந்த ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: 'என் அம்மா, எப்படி இருக்கிறாய்? உணவை உண்டாயா? நீங்கள் இருவரும் என் மூக்கில் புகைகிறீர்கள். அங்கே வானிலை குளிர்ந்துள்ளது, கழுத்துத் துணியைக் கட்டு. என் சிங்க மணமகனே. உன் கண்களிலிருந்து முத்தமிடுகிறேன். அல்லாவிடம் ஒப்படைக்கப்பட்டவனாக இரு.'

மருமகன் பயந்துபோய் மனைவியிடம் காட்டினான். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள். செயலி ஒரு சொல்லைக்கூடத் தப்பாகப் பெயர்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை. எல்லாம் அகராதிப்படி சரி.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு செய்தியை வைத்துத்தான் போகப்போகிறது, நடுவில் வேறு சிலவும் வரும். நான் சொல்லும் முறை ஒன்றுதான்: துருக்கி மொழியைத் தமிழ் வழியாகப் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் ஆங்கிலத்தை எழுதும்போது இரண்டையும் மறந்துவிடுங்கள். முதல் பாதியில் நமக்குக் கிடைக்கும் வசதி ஓர் ஆங்கிலேயனுக்குக் கிடைக்காது. இரண்டாம் பாதியில் அதே வசதி நம் காலை வாரிவிடும்.

படி 1: யார் யாருக்கு எழுதியது?

இது தெரியாமல் ஒரு வரியையும் தொடாதீர்கள். காரணம் 'ஜானிம்' என்ற ஒரே சொல். 'என் உயிரே' என்று பொருள். இந்திப் பாட்டில் வரும் 'ஜான்' தான், பாரசீகத்திலிருந்து இரண்டு பக்கமும் போனது. இதைக் காதலன் சொல்வான், அம்மா சொல்வாள், அலுவலகத்தில் பக்கத்து மேசைப் பெண் சொல்வாள், துணிக்கடைக்காரம்மா முன்பின் பார்க்காத வாடிக்கையாளரிடம் சொல்வாள். காதலன் சொன்னால் ஆங்கிலத்தில் 'மை லவ்', தோழி சொன்னால் 'ஹன்' அல்லது வெறும் பெயர், கடைக்காரம்மா சொன்னால் 'டியர்'. அலுவலகத் தோழியின் 'ஜானிம்' ஒன்றை 'மை லைஃப்' என்று பெயர்த்துக் கொடுத்து ஒரு வீட்டில் சண்டை மூட்டிவிடுவது ரொம்பச் சுலபம்.

இன்னொன்று, 'யோக் ஜானிம்' என்று வந்தால் அங்கே அன்பே இல்லை. 'சேச்சே, அதெல்லாம் இல்லப்பா' என்பதுதான். 'ஓ, கம் ஆன்' போதும்.

அப்புறம் 'சென்', 'சிஸ்' பாருங்கள். நம் 'நீ', 'நீங்கள்' மாதிரியே. 'சிஸ்' பன்மைக்கும் வரும், மரியாதைக்கும் வரும். நேற்று வரை 'சிஸ்' போட்டவர் இன்று 'சென்' என்று எழுதியிருந்தால் அதுவே செய்தி. ஆங்கிலத்தின் 'யூ' அதைக் காட்டாது. அப்போது தொடக்கத்தில் 'டியர்' என்று இருந்ததை 'ஹே' என்று மாற்றுவேன், குடும்பப் பெயரை எடுத்துவிட்டு முதல் பெயரைப் போடுவேன். வேறு எங்காவதுதான் ஈடுகட்ட வேண்டும்.

படி 2: எழுத்தைச் சரிசெய்யுங்கள்

துருக்கி மொழி 1928 நவம்பர் 1 அன்று அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியது. மொத்தம் 29 எழுத்து. அதில் புள்ளி வைத்த 'ஐ' வேறு, புள்ளி இல்லாத 'ஐ' வேறு. புள்ளி இல்லாததை 'பட்டு' என்பதன் கடைசியில் வரும் குற்றியலுகரம் போல, உதடு குவிக்காமல் சொல்வார்கள். நமக்கு வாயில் தானாக வரும் ஒலி. தமிழில் தனியாகக் காட்ட வழியில்லாததால் இங்கே இகரமாகவே எழுதுகிறேன்.

அவசரத்தில் தட்டுகிறவர்கள் இந்தப் புள்ளிகளை விட்டுவிடுவார்கள். 'ஓ' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி இருந்தால் 'செத்துப்போனார்', இல்லாவிட்டால் அதே சொல் 'ஆனார், ஆயிற்று'. அப்பா ஓய்வு பெற்ற செய்தியும் அப்பா இறந்த செய்தியும் இரண்டு புள்ளி தூரத்தில் நிற்கின்றன. 2008இல் துருக்கியில் பெரிதாகப் பேசப்பட்ட செய்தி ஒன்று உண்டு. பிரிந்து வாழ்ந்த கணவன் மனைவிக்கு எழுதியது: 'பேச்சில் மாட்டிக்கொண்டால் நீ பேச்சை மாற்றிவிடுவாய்'. புள்ளி இல்லாத எழுத்து போனில் இல்லாததால் 'மாட்டிக்கொண்டால்' என்பது படுக்கையறை வசையாக மாறிப் போய்ச் சேர்ந்தது. அந்தத் தகராறில் இரண்டு உயிர் போனது. ஆகவே விநோதமான சொல் கண்ணில் பட்டால், முதலில் புள்ளியைச் சந்தேகியுங்கள்.

சுருக்கங்களையும் இங்கேயே விரித்துவிடுங்கள். எஸ்-எல்-எம் என்றால் 'செலாம்', வணக்கம். சி-என்-எம் என்றால் 'ஜானிம்'. எஸ்-சி-எஸ் என்றால் 'உன்னை ரொம்ப நேசிக்கிறேன்'. கே-ஐ-பி என்றால் 'கெந்தினெ இயி பாக்', உடம்பைப் பார்த்துக்கொள். ஏ-இ-ஓ என்றால் 'அல்லாஹா எமாநெத் ஓல்', அதாவது நம் மாமியாரின் கடைசி வரி. எல்லோரும் விடைபெறும்போது சொல்வதுதான் இது. பக்தியான வீட்டுக்கு 'காட் கீப் யூ', மற்றவர்களுக்கு 'டேக் கேர்'.

படி 3: நடுவில் ஒரு தமிழ் வரைவு

இந்தப் படியை நான் ஒருபோதும் தாண்டுவதில்லை. தமிழும் துருக்கியும் உறவு மொழிகள் என்று நிறுவப்படவில்லை, ஆனால் கட்டுமானம் அப்படி ஒத்துப்போகிறது. வினை கடைசியில் வரும். விகுதிமேல் விகுதி ஒட்டும். 'எவினிஸ்தெ' என்றால் வீடு, உங்கள், இல்: 'உங்கள் வீட்டில்'. ஒரு காலைச் செய்தியை எடுத்துக்கொள்வோம்:

'குனாய்தின் ஹயாத்திம். தூன் கெஜெ செனி துஷுனெ துஷுனெ உயுயாகால்மிஷிம். இயி கி வார்சின் பிர் தானெம்.'

செயலி தருவது: 'காலை வணக்கம் என் வாழ்க்கையே. நேற்றிரவு உன்னை நினைத்துத் தூங்கிவிட்டேன். நீ இருப்பது நல்லது, என் ஒன்றே.'

இப்போது சொல்லுக்குச் சொல் தமிழில் போடுங்கள். 'துஷுனெ துஷுனெ' என்பது அப்படியே 'நினைத்து நினைத்து'. 'உயுயாகால்' என்பது 'தூங்கிப்போ'. கடைசியில் ஒட்டியிருக்கும் 'மிஷ்' தான் ரத்தினம். தன் கண்ணால் பார்க்காததை, பிறகு தெரிந்துகொண்டதைச் சொல்லும் விகுதி அது. தூங்கிய கணம் தூங்கியவருக்குத் தெரியாதே! தமிழில் 'உன்னை நினைச்சு நினைச்சே தூங்கிப்போயிருக்கேன்' என்கிறோம். அந்த 'இருக்கேன்' செய்யும் வேலையைத்தான் 'மிஷ்' செய்கிறது. இதைப் பிடித்துவிட்டால் ஆங்கிலமும் கிடைத்துவிடும்: 'ஐ மஸ்ட் ஹாவ் டிரிஃப்ட்டட் ஆஃப் திங்க்கிங் அபௌட் யூ'. 'மஸ்ட் ஹாவ்' இல்லாமல் 'ஐ ஃபெல் அஸ்லீப்' என்று மட்டும் போட்டால், வரியின் அரைத்தூக்கக் குரல் போய்விடும்.

'மிஷ்' (சில சொற்களில் 'முஷ்') பிறர் சொல்லிக் கேட்டதற்கும் வரும், நம் 'ஆம்' போல. மாமியார் 'ஹாவலார் சோஉமுஷ்' என்று எழுதியது 'அங்கே குளிர ஆரம்பித்துவிட்டதாமே'. டிவியில் பார்த்திருப்பார். ஆங்கிலத்தில் 'ஐ ஹியர்'. புது உடை போட்ட படத்துக்குக் கீழே 'சோக் குசெல் ஓல்முஷ்சுன்' என்று வந்தால் அது வதந்தி இல்லை. பார்த்த கணத்தில் வந்த வியப்பு: 'அடடா, எவ்வளவு அழகா இருக்கே'. 'யூ லுக் கார்ஜஸ்'. அவ்வளவுதான்.

படி 4: காலம் ஏமாற்றும்

'செனி ஒஸ்லெதிம்' இறந்தகாலம். ஆனால் 'ஐ மிஸ்ட் யூ' என்று எழுதினால், ஏக்கம் தீர்ந்துவிட்டது என்று ஆகிவிடும். ஆள் இன்னும் தூரத்தில் இருந்தால் 'ஐ மிஸ் யூ'. விமான நிலையத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னால்தான் 'ஐ மிஸ்ட் யூ'.

'ஒப்தும்' அதைவிட மோசம். நேர்ப்பொருள் 'முத்தமிட்டேன்'. பேச்சை முடிக்கும்போது போடுவது, நாம் 'வர்றேன்' என்று சொல்லிவிட்டுப் போவது மாதிரி. ஆரம்பத்தில் நான் இதை 'ஐ கிஸ்ட் யூ' என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிய நண்பர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, 'எப்போ?' என்று கேட்டார். இப்போது 'லவ் யூ, பை' என்று போடுகிறேன். பிரிட்டன்காரர்களுக்கு என்றால் ஒற்றை எக்ஸ் எழுத்து போதும், அவர்கள் அதை முத்தமாகவே படிப்பார்கள்.

கண்ணில், கன்னத்தில், கையில் என்று முத்தம் இடம் மாறும். கையில் முத்தம் சிறியவர் பெரியவருக்கு. துருக்கியில் பெருநாளன்று பெரியவர் கையை முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். கண்ணில் முத்தம் பெரும்பாலும் பெரியவர் சிறியவருக்கு. ஆங்கிலத்தில் இந்த ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. முன்னதற்கு 'வித் லவ் அண்ட் ரெஸ்பெக்ட்', பின்னதற்கு 'லாட்ஸ் ஆஃப் லவ்'.

படி 5: செல்லச் சொற்களின் சூட்டை அளவிடுங்கள்

இங்கேதான் தமிழர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஏனென்றால் நமக்கு எல்லாமே இயல்பாக இருக்கிறது. 'கொஸும்' என்றால் கண்ணே. 'இகி கொஸும்' என் ரெண்டு கண்ணே. 'குஸும்' என் ஆட்டுக்குட்டி, 'யாவ்ரும்' என் குஞ்சு, 'பாஷாம்' என் பாஷா, அதாவது நம் 'என் ராசா'. 'ஜியெரிம்' என்றால் என் ஈரலே. ஈரக்குலை நடுங்கிப்போச்சு என்கிற நமக்கு அதுவும் அந்நியம் இல்லை. ஆங்கிலக்காரனுக்கு ஈரல் வெங்காயத்தோடு வதக்குகிற பொருள்.

ஆகவே 'மை ஐஸ்', 'மை லிவர்' என்று எழுதும் ஆசையை அடக்குங்கள். நான் கடைப்பிடிக்கும் கணக்கு இது: துருக்கியில் மூன்று செல்லச் சொல் வந்தால் ஆங்கிலத்தில் ஒன்று. 'ஜானிம், ஹயாத்திம், பிர் தானெம்' என்று ஒருத்தி ஒரே மூச்சில் எழுதுவது அங்கே சாதாரண சூடு. ஆங்கிலத்தில் 'மை சோல், மை லைஃப், மை ஒன் அண்ட் ஒன்லி' என்று போட்டால் கல்யாண மேடையில் நாடகம் போடுவது போல ஆகிவிடும், அல்லது பணம் பறிக்க வந்த மோசடி மின்னஞ்சல் போல. ஒரு 'டார்லிங்' வைத்துவிட்டு மிச்ச சூட்டை வினைக்குக் கொண்டுபோங்கள்: 'ஐ மிஸ் யூ' என்பது 'ஐ மிஸ் யூ லைக் கிரேஸி' ஆகட்டும்.

எந்த ஊர் ஆங்கிலம் என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 'ஹனி', 'பேப்'. லீட்ஸ் பக்கம் 'லவ்'. பஸ் டிரைவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். மாமியாருக்கு இந்த 'லவ்' தான் கச்சிதம்.

பலியிடும் வரிகள் தனி. 'குர்பான் ஓலாயிம் சனா': உனக்கு நான் குர்பான், அதாவது பலி, ஆகிறேன். குழந்தை படத்தைப் பார்த்துப் பாட்டி சொல்வது. 'யெரிம் செனி': உன்னைத் தின்றுவிடுவேன். இரண்டாவதற்கு ஆங்கிலத்தில் நேர் சொல் உண்டு, 'ஐ குட் ஈட் யூ அப்', குழந்தைக்குத்தான் பொருந்தும். முதலாவதற்குக் கிடையாது. 'ஓ, பிளெஸ் யூ' அல்லது 'ஐட் டூ எனிதிங் ஃபார் யூ', இடம் பார்த்து. ஆனால் தூண்டில் போடும் ஆண்மகன் தெருவில் சொல்லும் 'யெரிம் செனி' சீண்டல். அங்கே அதை இனிப்பாக்கக் கூடாது, அசிங்கம் அசிங்கமாகவே வரட்டும்.

செல்லச் சொல்லைக் குறைக்கலாம், ஆனால் சூட்டை ஏற்றுவது தப்பு. 'சென்தென் ஹோஷ்லானியோரும்' என்றால் 'உன்னைப் பிடித்திருக்கிறது'. 'செனி செவியோரும்' என்றால் 'நேசிக்கிறேன்'. 'சனா ஆஷிகிம்' என்றால் 'உன்மேல் காதலில் கிடக்கிறேன்'. மூன்றும் மூன்று படிக்கட்டு. 'ஐ லைக் யூ', 'ஐ லவ் யூ', 'ஐ ஆம் இன் லவ் வித் யூ'. ஒரு படி ஏற்றிக் கொடுத்தால் நாளைக்கு ஒருவர் மோதிரம் வாங்கிவிடுவார்.

படி 6: உறவுச் சொற்கள்

மாமியார் மருமகனை 'அன்னெம்' என்று அழைத்தார், 'என் அம்மா'. செயலிக்குத் தலை சுற்றியது. உங்களுக்குச் சுற்றியிருக்காது. மகளை 'வாம்மா' என்றும் பையனை 'சாப்பிட்டியாப்பா' என்றும் கேட்கிற ஊர் நம்முடையது. துருக்கியில் இன்னும் ஒரு படி மேலே: அம்மா தன் பிள்ளையை, ஆணோ பெண்ணோ, 'அம்மா' என்பாள். அப்பா 'பாபாம்' என்பார். கூப்பிடுகிறவர் தன்னையே பிள்ளைமேல் போட்டுக்கொள்கிறார். ஆங்கிலத்தில் 'ஸ்வீட்ஹார்ட்' அல்லது 'லவ்'. 'மம்' என்ற சொல் அங்கே தலைகாட்டவே கூடாது.

'தாமாத்' என்றால் மணமகன், மருமகன் இரண்டும். நம் 'மாப்பிள்ளை' அப்படியே. 'அஸ்லான் தாமாதிம்' என்பதைச் 'சிங்க மாப்பிள்ளை' என்று கேட்டால் நமக்கு மீசை முறுக்குகிறது. ஆங்கிலத்தில் 'லயன்' வேலைக்கு ஆகாது. 'வாட் எ ஸ்டார் ஆஃப் எ சன்-இன்-லா ஐ'வ் காட்' என்று போட்டேன்.

தெய்ஸெ அம்மாவின் சகோதரி, ஹாலா அப்பாவின் சகோதரி, ஆம்ஜா அப்பாவின் சகோதரர், தாயி அம்மாவின் சகோதரர். எல்லாம் 'ஆன்ட்', 'அங்கிள்' என்று கரைந்துபோகும், போகட்டும். ஆனால் தெரியாத பெரியவரையும் 'ஆபி', 'ஆப்லா', அதாவது அண்ணா, அக்கா என்பார்கள். அவர்களை 'பிரதர்' ஆக்காதீர்கள், பெயரை மட்டும் போடுங்கள். நண்பனின் காதலியை 'யெங்கெ', அண்ணி என்பார்கள். அதற்கு ஆங்கிலத்தில் 'யுவர் மிஸஸ்' என்று சிரிப்போடு போடலாம்.

படி 7: 'ஓ' யார்?

துருக்கியில் அவன், அவள், அது மூன்றுக்கும் 'ஓ' தான். பல வாக்கியங்களில் அதுவும் இருக்காது. 'ஓ பிர் தொக்தோர்' என்றால் இயந்திரங்கள் நெடுநாள் 'ஹி இஸ் எ டாக்டர்' என்றே எழுதின. 2018 டிசம்பரில் கூகுள் டிரான்ஸ்லேட் இப்படிப்பட்ட துருக்கி வாக்கியங்களுக்கு ஆண், பெண் இரண்டு பதிலையும் காட்டத் தொடங்கியது. நீண்ட செய்தியில் இந்தச் சிக்கல் உங்கள் தலையில்தான். 'நேற்று ஓ-வைப் பார்த்தேன், ரொம்ப அழுதேன்' என்று வந்தால், செய்தி கொண்டுவந்தவரிடமே கேட்டுவிடுங்கள். ஊகித்து எழுதினால் இல்லாத ஒரு போட்டியாளரைப் படைத்துவிடுவீர்கள்.

படி 8: அச்சில் வார்த்த வரிகள்

துருக்கியில் எதற்கும் ஒரு வாழ்த்து தயாராக இருக்கும். சமைத்தவருக்கு 'எலினெ சாலிக்', உன் கைக்கு நலம்: 'தட் வாஸ் டிலிஷியஸ், தேங்க் யூ'. வேலை செய்துகொண்டிருப்பவருக்கு 'கோலாய் கெல்சின்', சுலபமாக வரட்டும்: ஆங்கிலத்தில் இதற்கு ஒன்றும் இல்லை, 'ஹோப் இட்ஸ் கோயிங் ஓகே'. உடம்பு சரியில்லாதவருக்கு 'கெச்மிஷ் ஓல்சுன்', கடந்து போகட்டும்: 'கெட் வெல் சூன்'. ஆனால் வண்டி மோதியவருக்கும் வீட்டில் திருட்டு போனவருக்கும் இதையேதான் சொல்வார்கள். அங்கே 'கெட் வெல் சூன்' போட்டால் கேலி ஆகிவிடும், 'ஸோ ஸாரி தட் ஹாப்பன்ட்' போடுங்கள்.

'இயி கி தோதுன்' என்றால் 'நீ பிறந்தது எவ்வளவு நல்லது', அதுதான் 'ஹாப்பி பர்த்டே'. அதன் தங்கை 'இயி கி வார்சின்', காலைச் செய்தியில் வந்தது: 'ஸோ கிளாட் ஐ'வ் காட் யூ'. எனக்கு இந்த மொழியில் ரொம்பப் பிடித்த வரி இது. 'தேங்க்ஸ் ஃபார் எக்ஸிஸ்டிங்' என்றும் சிலர் எழுதுவார்கள், எனக்கு அது ரோபோ பேசுவது போல இருக்கிறது.

மூக்கில் புகைவதற்கு வருகிறேன். 'புர்னும்தா தூத்மெக்' என்றால் மூக்கில் புகை போலச் சுழல்வது: விட்டுவந்த வீட்டின் வாசனை போகாமல் நிற்கிறதே, அந்த ஏக்கம். 'ஐ மிஸ் யூ போத் ஸோ மச் இட் ஹர்ட்ஸ்'. படம் போய்விடுகிறது, வருத்தம்தான். ஆனால் மருமகனுக்குப் போக வேண்டியது அந்த அம்மாவின் ஏக்கம், துருக்கி மரபுத்தொடர் பாடமில்லை. வாசிப்பவர் துருக்கி கற்றுக்கொண்டிருந்தால் கீழே ஒரு வரியில் விளக்கம் எழுதுங்கள், சந்தோஷப்படுவார்.

மாமியார் செய்தி கடைசியில் இப்படி நின்றது: 'ஹலோ லவ், ஹவ் ஆர் யூ? ஹாவ் யூ ஈட்டன்? ஐ மிஸ் யூ போத் ஸோ மச் இட் ஹர்ட்ஸ். ஐ ஹியர் இட்ஸ் டர்ன்ட் கோல்ட் தேர், ஸோ வேர் யுவர் ஸ்கார்ஃப். வாட் எ ஸ்டார் ஆஃப் எ சன்-இன்-லா ஐ'வ் காட். லாட்ஸ் ஆஃப் லவ், அண்ட் காட் கீப் யூ.' வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். லீட்ஸ் இருக்கும் யார்க்ஷயர் பக்கத்து அம்மா ஒருத்தி இதைப் போனில் சொல்வாளா? சொல்வாள் என்றால் முடிந்தது.

ஒரு விதிவிலக்கு

இதே செய்தியை விசாவுக்கு ஆதாரமாகக் கேட்டால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். அமெரிக்கக் குடியேற்ற அலுவலகத்துக்குப் போகும் அயல்மொழி ஆவணத்துக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், அது முழுமையானது, துல்லியமானது, எனக்கு இம்மொழியில் தகுதி உண்டு என்று மொழிபெயர்த்தவர் உறுதி கூறும் சான்றும் வேண்டும். மூன்று செல்லச் சொல்லில் இரண்டை விழுங்கிவிட்டு அப்படிக் கையெழுத்துப் போட முடியாது. அங்கே 'மை சோல், மை லைஃப்' எல்லாம் அப்படியே போகட்டும், அதிகாரி சிரித்தால் சிரிக்கட்டும். அடுத்தவர் அந்தரங்கத்தை எந்தச் செயலியில் ஒட்டுகிறோம் என்பதையும் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பதில் என்ன போடுவது?

மொழிபெயர்ப்பை வாங்கியவர் அடுத்து கேட்பது இதுதான். யாராவது 'எலினெ சாலிக்' என்றால் பதில் 'ஆஃபியெத் ஓல்சுன்', சாப்பிட்டது உடம்பில் ஒட்டட்டும் என்று. கையை முத்தமிடுவதாக மாமியாருக்கு எழுதினால் மருமகனுக்கு அடுத்த முறை இரட்டைக் கவனிப்பு உறுதி. காதலுக்கு 'பென் தெ செனி', நானும் உன்னை. 'பென்' என்பதற்கும் 'தெ' என்பதற்கும் நடுவில் இடைவெளி விடச் சொல்லுங்கள். சேர்த்து எழுதினால் 'என்னிடம் இருக்கிறது' என்று ஆகிவிடும். பயப்பட வேண்டாம், துருக்கியர்களே அதைப் பாதி நேரம் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள்.